உங்களுக்குத் தெரியுமா? வேலையை விட்டு விலகினாலும் பணிக்கொடை உண்டு

கிளிநொச்சி அறிவியல் நகரில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வரும் பிள்ளைகள் பலர், கலியாணம் முடிந்ததும் கடிதம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிடுகிறார்கள். தானாக விலகினால் ஒன்றும் கிடைக்காது என்ற எண்ணம் தவறு.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் முழுமையாக வேலை செய்தவர் விலகினாலும், நிறுத்தப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் பணிக்கொடை பெறலாம். அவர் இறந்தால் வாரிசுகளுக்குச் சேரும். வேலை முடிவதற்கு முந்திய 12 மாதங்களில் ஒருநாளாவது 15 பேர் அங்கு வேலை செய்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்த ஆட்கள் உள்ள அரிசி ஆலை, கடைகளில் இருந்தவர்கள் தொழில் நியாய சபையை நாட வேண்டும்.

கணக்கு எளிது. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியை, முழுதாக முடிந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், சேவை 7 ஆண்டு 10 மாதம் என்றால் 20,000 × 7 = 1,40,000 ரூபாய். மிச்சமான 10 மாதம் கணக்கில் வராது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இன்னும் 20,000 கூடியிருக்கும்! வாழ்க்கைச் செலவுப்படி சேரும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. நாட்சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 14 நாட்கூலி.

வேலை முடிந்து 30 நாளுக்குள் முதலாளி கொடுத்தாக வேண்டும். பிந்தினால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதி இதற்குள் அடங்காது. அது தனி உரிமை.

நியமனக் கடிதத்தையும் சம்பளத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். பணம் வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.