தோசை பில்லில் ஒரு கணக்குப் பாடம்

இரண்டு மெய்யெண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடையும் மெய்யெண்ணாகவே இருக்கும். பாடப் புத்தகம் இதை அடைவுப் பண்பு என்கிறது. "இதையெல்லாம் ஒரு விதியாக எழுதிவைக்க வேண்டுமா?" என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். அந்தப் பண்பு இல்லாத இடத்தைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அதற்கு ஃபேரர் பார்க் வரை வந்தால் போதும்.

சிங்கப்பூரில் 1 காசு நாணயம் வெளியிடுவது 2002ல் நிறுத்தப்பட்டது. இன்றும் அது செல்லும்; ஆனால் யார் பையில் இருக்கிறது? புழக்கத்தில் சிறியது 5 காசுதான். 5, 10, 15 என்ற மடங்குகளை எத்தனை முறை கூட்டினாலும் 5ன் மடங்குதான் வரும். கூட்டலுக்கு அந்தக் கூட்டம் அடைவு பெற்றது. விழுக்காடு நுழைந்தால் கதை வேறு.

எம்ஆர்டி நிலையத்திலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு வந்து ஓர் உணவகத்தில் உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தோசை 4 வெள்ளி 30 காசு. விலைக்குப் பக்கத்தில் நமக்குப் பழகிப்போன இரண்டு கூட்டல் குறிகள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்தால் 4.73. அதன்மேல், 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரி சேர்த்தால் 5.1557. இது நல்ல மெய்யெண்தான். எண்கோட்டில் அதற்கு இடமுண்டு. கல்லாப்பெட்டியில் இல்லை. ஆகவே 5.16 என்று முழுக்காசாக்குகிறார்கள்.

இப்போது மூன்று தோசை. ஒவ்வொன்றையும் தனியே முழுக்காசாக்கினால் 5.16 மூன்று முறை, 15.48. மொத்த விலை 12.90க்குக் கணக்குப் போட்டு, கடைசியில் மட்டும் முழுக்காசாக்கினால் 15.47. ரொக்கமாகக் கொடுக்கும்போது அருகிலுள்ள 5 காசுக்குக் கொண்டுவந்தால் முதல் வழியில் 15.50, இரண்டாம் வழியில் 15.45. யாரும் ஏமாற்றவில்லை. கூட்டத்தைவிட்டு வெளியேறிய விடையை எந்தக் கட்டத்தில் உள்ளே இழுத்தோம் என்பதில்தான் அந்த 5 காசு இருக்கிறது. மெய்யெண்ணாகவே கடைசிவரை வைத்திருந்தால் எந்த வழியில் போனாலும் 15.4671தான்.

எண்கள் வளர்ந்ததற்கும் இப்படி வெளியேறிய விடைகளே காரணம். 3லிருந்து 5ஐக் கழித்தால் இயல் எண்களுக்குள் விடை இல்லை. எதிர்ம எண் வேண்டும். 1ஐ 3ஆல் வகுக்கப் பின்னம் வேண்டும். 1 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டத்தை அளக்கப் பின்னமும் போதாது. ரூட் 2 என்ற விகிதமுறா எண் வேண்டும். விகிதமுறா எண்கள் மட்டும் தனிக்குடித்தனம் நடத்தவும் முடியாது. ரூட் 2ஐ ரூட் 2ஆல் பெருக்கினால் 2, அது விகிதமுறு எண். எல்லாரும் சேர்ந்த மெய்யெண் குடும்பத்தில்தான் அடைவு கிடைக்கிறது.

தேர்வில் வழுக்கும் இடம் வகுத்தல். "வகுத்தலுக்கும் அடைவு உண்டு" என்று எழுதிவிட்டுச் சுழியத்தை மறந்துவிடுகிறார்கள். சுழியத்தால் வகுக்க முடியாது. கி.பி. 628ல் சுழியத்துக்கும் எதிர்ம எண்களுக்கும் விதிகள் எழுதிய பிரம்மகுப்தரே, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. எதிர்ம எண்ணின் வர்க்கமூலமும் மெய்யெண்களுக்குள் அடங்காது. அதற்குக் கலப்பெண்கள் இருக்கின்றன. அது இன்னொரு வாரத்துக்கு.