முதல்ல தண்ணியை வளருங்க பாஸ்!

"அண்ணா... மீனு தூங்குதா?"

தங்கச்சி என்னை உலுக்கி எழுப்பியபோது காலை மணி ஆறு. கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், முந்தாநாள் வாங்கிவந்த நாலு கோல்டு ஃபிஷ்ஷில் இரண்டு, வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே மிதக்கின்றன. மறுநாள் மூணாவது. அதற்கு மறுநாள் நாலாவதும் போய்ச் சேர்ந்தது.

தங்கச்சி ஆறாம் வகுப்பு. பர்த்டேவுக்கு என்ன வேணும் என்று கேட்டதற்கு 'மீன் தொட்டி' என்று சொல்லியிருந்தாள். நானும் இரண்டு மாசப் பாக்கெட் மணியைப் போட்டு உருண்டை பவுல், ரோஸ் கலர் கல், பிளாஸ்டிக் செடி, நாலு மீன் எல்லாம் ஒரே பையில் வாங்கிவந்து அசத்தினேன். வந்த அன்றைக்கே நாலுக்கும் பேர் வைத்துவிட்டாள். கடைசி மீனை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, "நாம என்னண்ணா தப்பு பண்ணோம்?" என்றாள்.

எனக்கு பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம்!

வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான். கடைகள் மட்டுமில்லை, வீட்டுக்குப் பின்னாலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற குடும்பங்கள் நிறைய உள்ள ஏரியா. அங்கே ஒரு தொட்டிக்காரர்தான் என் கேஸை ஒரே கேள்வியில் முடித்தார்.

"தொட்டி வெச்சு எத்தனை நாள் கழிச்சு மீன் விட்டே தம்பி?"

"அன்னைக்கே விட்டுட்டேன்ணே."

"அப்போ செத்துத்தான் போகும். மீனை அப்புறம் வளர்த்துக்கலாம். முதல்ல தண்ணியை வளர்க்கக் கத்துக்கோ."

தண்ணியை எப்படி வளர்ப்பது? அவர் சொல்லித் தந்ததும், நான் படித்துத் தெரிந்துகொண்டதும், கையைச் சுட்டுக்கொண்டு கற்றதும்தான் இந்தக் கட்டுரை. முதல் தொட்டி வைக்கப்போகிற நண்பர்களே, பேப்பர் பேனா எடுத்துக்கோங்க!

தண்ணிக்குள்ளே ஒரு கெமிஸ்ட்ரி லேப்

மீன் கழிவிலிருந்தும், மிச்சமாகி அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. அது மீனுக்கு விஷம். வெயில் ஏற ஏற, தண்ணீரின் பி.எச். கூடக் கூட அந்த விஷத்தின் வேகமும் கூடும். குளத்திலும் ஆற்றிலும் இதைக் கவனித்துக்கொள்ள பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. செடிக்கு அது உரம்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் மேலெல்லாம் அது படிந்து பெருக சுமார் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம்ம ஆட்கள் என்ன செய்கிறோம்? கக்கூஸ் கட்டாத வீட்டில் நாலு பேரைக் குடிவைத்துப் பூட்டுகிறோம். என் கோல்டு ஃபிஷ்களுக்கு நடந்தது அதுதான்.

செடி இங்கேதான் ஹீரோ. அம்மோனியா, நைட்ரேட் இரண்டையும் உறிஞ்சி வளரும். பகலில் ஆக்ஸிஜன் தரும். பிளாஸ்டிக் செடி சும்மா நின்று போஸ் கொடுக்கும், அவ்வளவுதான்.

இது புது ஐடியாவும் இல்லை. 1850-லேயே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் கண்ணாடித் தொட்டியில் கோல்டு ஃபிஷ்ஷோடு வாலிஸ்நேரியா செடியை வைத்துப் பார்த்தார். அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, தொட்டி தெளிந்தது. ஆக, வீட்டு அக்வேரியத்தின் ஆரம்ப காலத்திலேயே செடி இருக்கிறது. அதைச் செய்து பார்த்தவரும் நம்ம கெமிஸ்ட்ரி பார்ட்டி!

தொட்டி எது, எங்கே?

உருண்டை பவுல் வேண்டவே வேண்டாம். தண்ணீர் குறைவு, காற்றுபடும் பரப்பும் குறைவு. தொட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் ஈஸி என்று நினைப்போம். நிஜம் தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய, சின்னத் தப்பும் பெரிசாகிவிடும்.

நாங்கள் வாங்கியது ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். மணல் போக முப்பது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் வெயிட் ஐம்பது கிலோவை நெருங்கும். அதனால் ஆடுகிற ஸ்டடி டேபிள் மேலே வைத்துவிடாதீர்கள். உறுதியான மேஜை, அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட். ஜன்னல் வெயில் நேராக அடிக்காத இடம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடாகும்.

ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு எல்.ஈ.டி. லைட். ஆரம்பத்துக்கு இது போதும். நம்ம ஊர் வெயிலுக்கு சென்னையில் ஹீட்டர் தேவையே இல்லை. பிளக் பாயின்ட்டுக்கு வருகிற வயர் பாயின்ட்டைவிடக் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள். வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாது. கையை உள்ளே விடும் முன் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

அடியில் என்ன?

ரோஸ், ஊதா கலர் கல்லை மறந்துவிடுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் சைஸ் சின்னக் கூழாங்கல் இரண்டு அங்குல உயரம். கழுவின தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்பது முறை. பாத்ரூமை ஆக்கிரமித்ததற்கு அம்மாவிடம் திட்டு தனி.

சிப்பி, சங்கு, மார்பிள் சிப்ஸ் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சந்தேகமாக இருக்கிற கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் ரிஜெக்ட்!

சாகடிக்க முடியாத செடிகள்

இன்டர்நெட்டில் பச்சைப் புல்வெளி விரித்த மாதிரி தொட்டிகளைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பீர்கள். அந்த ஸ்டைலை உலகத்துக்குப் பிரபலப்படுத்தியவர் ஜப்பானின் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954-2015). ஆனால், அதற்கு பவர்ஃபுல் லைட், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், உரம், அடிக்கடி கத்தரிப்பு எல்லாம் வேண்டும். முதல் தொட்டிக்கு அந்த வம்பு வேண்டாம்.

நமக்கு ஏற்ற ஆட்கள் இவர்கள்:

வாலிஸ்நேரியா: ரிப்பன் மாதிரி நீள இலை. பின்வரிசையில் நடுங்கள். பக்கவாட்டில் தானே குட்டி போட்டுப் பரவும்.

ஹைட்ரில்லா: நம்ம ஊர்க் குளம், வாய்க்காலில் பார்த்திருப்பீர்கள். கிடுகிடுவென வளரும். அம்மோனியாவை உறிஞ்சுவதில் கில்லாடி. கடையில் வாங்குவதே நல்லது. குளத்திலிருந்து பறித்தால் வேண்டாத பூச்சியெல்லாம் கூடவே வந்துவிடும்.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ்: குறைந்த வெளிச்சம் போதும். இவற்றின் தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

கிரிப்டோகரைன்: வேரூன்றும் செடி. இதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். ஒரு கதை இருக்கிறது.

வேரூன்றும் செடிகளுக்குப் பக்கத்தில் புதைக்க உர மாத்திரை கடையில் கிடைக்கிறது. லைட் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். அழகாக இருக்கிறதே என்று ராத்திரி பூரா எரியவிட்டால் பாசிதான் வளரும்.

அந்த முப்பத்தாறு நாள்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் பாதிக்கும், நாம் வளர்க்க நினைக்கிற பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் முழுக்க வாயகன்ற பக்கெட்டில் திறந்து வையுங்கள். அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கி சொட்டு மருந்தைப் பயன்படுத்துங்கள். 'கேன் வாட்டர்தான் சுத்தம்' என்று அதை ஊற்றாதீர்கள். தாது உப்பெல்லாம் வடிகட்டப்பட்ட தண்ணீர் மீனுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றி, செடி நட்டு, ஃபில்டரை ஓடவிட்டோம். மீன்? கிடையாது. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட வேண்டும். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்ன பாக்டீரியா வரும். கொளத்தூர் அண்ணன் தன் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்து ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீர் கொடுத்தார். "இதுதான் தம்பி உறை மோர்" என்றார். பாலில் உறை ஊற்றுகிற அதே டெக்னிக்!

நாலாம் நாள் தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்துவிட்டது. "கொட்டிட்டு வேற ஊத்துடா, நாறப் போகுது" என்றார் அம்மா. அண்ணனுக்கு போன் போட்டேன். "கை வைக்காதே" என்றார். ஐந்தாறு நாளில் தானாகத் தெளிந்தது.

பத்தாம் நாள் இன்னொரு அதிர்ச்சி. கிரிப்டோகரைன் இலைகள் கூழாகிக் கரைந்தன. தங்கச்சி முகம் வாடிவிட்டது. "செடியும் செத்துடுச்சா? நம்ம வீட்டுல எதுவுமே பிழைக்காதாண்ணா?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. இடம் மாறினால் அந்தச் செடி இலையை உதிர்ப்பது சகஜம், வேர் உயிரோடு இருக்கும் என்று படித்திருந்தேன். சொன்னேன். அவள் நம்பவில்லை. மூணாவது வாரம், ஒருநாள் ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடிவந்து என்னை இழுத்துப் போய்க் காட்டினாள். மண்ணிலிருந்து குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளிர்!

இதற்கிடையே டெஸ்ட் கிட் வாங்கியிருந்தோம். தண்ணீரில் சொட்டு விட்டால் கலர் மாறும். எங்கள் கிட்டில் அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறியது. கலரைப் பார்த்து காலண்டரில் எழுதுவது தங்கச்சி வேலை. முப்பத்தாறாம் நாள் இரண்டுமே பூஜ்யம். நான் பரீட்சையில் வாங்கியிருந்தால் வீட்டில் விளக்குமாறு எடுத்திருப்பார்கள். இந்தப் பூஜ்யத்துக்குப் பாயசம் வைத்தார் அம்மா!

யாரை விடலாம்? யார் வேண்டாம்?

இந்த சைஸ் தொட்டிக்கு ஆறு ஆண் கப்பி போதும். கடின நீரிலும் சந்தோஷமாக இருக்கும் மீன் அது. பெண் கப்பியும் சேர்த்தால் குட்டி போட்டுத் தள்ளும், ஜாக்கிரதை. அல்லது ஒரே ஒரு ஆண் ஃபைட்டர். இரண்டு ஆண் ஃபைட்டர் விட்டால் குத்துச்சண்டைதான்.

கோல்டு ஃபிஷ் சின்னத் தொட்டிக்கு ஆகாது. நன்றாகப் பெரிதாகும், நிறையக் கழிவு விடும், செடியையும் பிடுங்கும். 'தொட்டியை க்ளீன் பண்ணும்' என்று தள்ளிவிடுகிற சக்கர் ஃபிஷ் ஒரு அடிக்கு மேலே வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள் சிலர். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம்ம நாட்டு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது அந்த மீன். எந்தத் தொட்டி மீனையும் குளத்தில் விடாதீர்கள், ப்ளீஸ்!

மீன் கவரைத் தொட்டியில் இருபது நிமிஷம் மிதக்கவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கவருக்குள் சேர்த்துவிட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் உள்ளே வேண்டாம். முதலில் மூணு மீன், பத்து நாள் கழித்து மிச்சம் மூணு.

வாரம் அரை மணி நேரம்

* வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். முழுசாகக் கொட்டிக் கழுவினால் வளர்த்த பாக்டீரியாவும் போய்விடும்.

* ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். மிச்சத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், சூப்பர் உரம்.

* தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒருவேளை. வாரம் ஒருநாள் விரதம் இருந்தால் தப்பில்லை.

* மே மாதத்தில் தண்ணீர் சூடானால் ஆக்ஸிஜன் குறையும். நீர்ப்பரப்பின் மேலே படுகிற மாதிரி டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். கொஞ்சம் சூடு தணியும்.

இவ்வளவுதான் மேட்டர். செலவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

ஆறு கப்பிகளும் வந்து சேர்ந்த அன்று, "பேர் வைக்கலையா?" என்று தங்கச்சியைக் கேட்டேன். "ஒரு மாசம் போகட்டும்ணா" என்றாள். நானும் அப்புறம் கேட்கவில்லை.

நேற்றோடு ஒரு மாசம். ராத்திரி பார்த்தால், காலண்டரில் நைட்ரைட் கணக்கு எழுதின பக்கத்துக்குப் பின்னால் ஆறு பேர் எழுதியிருக்கிறாள். அதில் ஒன்று என் பேர்!