பாம்பன் பாலமும் பராமரிப்புக் கலையும்

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன், திருச்சுழி)

‘இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இப்பழமொழிக்கு வாழும் உரையாக எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் என் தாயைப் பெற்ற தாத்தா. எண்பது வயதைக் கடந்த பின்னும் வாசற் கதவின் கீல் கிறீச்சிட்டால் அவருக்குப் பொறுக்காது. எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்துவிடுவார். மழை வருமுன் கூரையின் தகரத்தைத் தட்டிப் பார்ப்பார். கிணற்றுக் கப்பியைத் தேய்த்து வைப்பார்.

எங்கள் திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டொன்றில், 1966இல், தாத்தா பிழைப்புத் தேடி மண்டபம் சென்றார். பாம்பன் இரயில் பாலத்தில் தினக்கூலியாகச் சேர்ந்து, பின்னர் நிரந்தரக் கலாசியாகி, அங்கேயே ஓய்வு பெற்றார். கல்லூரியில் நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்படி ஆசிரியர் கேட்டார். “தாத்தா இரயில்வேயில் இருந்தார்” என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன். கலாசி என்று சொல்ல ஏனோ நா எழவில்லை. அன்று நான் விழுங்கிய சொல்லின் பொருளை இன்று இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பாதை பிறந்த கதை

ஆங்கிலேயர் காலத்தில், 1902இல், மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபம் வரை மீட்டர் பாதை போடப்பட்டது. அதை இட்டது தென்னிந்திய இரயில்வே கம்பெனி. தண்டவாளம் கடற்கரையில் வந்து நின்றது. எதிரே இராமேசுவரம் தீவு. இடையே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான கடல். அக்கடலின் மேல் கட்டப்பட்ட பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்று கொழும்பை அடையலாயினர். ‘போட் மெயில்’ என்று நம் முன்னோர் குறிப்பிட்டது இந்தத் தொடர்வண்டியைத்தான்.

1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்கும் நாட்டுக்கும் இடையே இருந்த ஒரே நிலவழித் தொடர்பு இந்த இரும்புப் பாலமே. அமாவாசைக்குத் தீர்த்தமாடச் சென்ற நம் பாட்டிமாரும், தீவிலிருந்து வந்த மீனும், தீவுக்குச் சென்ற அரிசியும் இதன் வழியேதான் சென்றன. பாலம் ஒருநாள் நின்றால் தீவு தனித்துப் போகும்.

இரும்பைத் தின்னும் காற்று

இரும்பு துருப்பிடிப்பது ஏன் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இரும்பு, ஈரம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கும். ஆனால் கடலில் நிற்கும் இரும்பின் நிலை வேறு. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஒரு தகட்டில் ஈரம் படிந்தால், அதன் ஓரிடம் ஒரு முனையாகவும் மற்றோரிடம் மறு முனையாகவும் மாறி, கண்ணுக்குத் தெரியாத மின்கலம் ஒன்று வேலை செய்யத் தொடங்குகிறது. உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. ஒரு முனையில் இரும்பு கரைந்துகொண்டே போகிறது.

இதைவிடக் கொடியது வேறொன்று உண்டு. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளைச் சேர்த்துத் தறை ஆணி அடித்த இடத்தில் ஈரம் புகுந்தால், உள்ளே வளரும் துரு தகடுகளையே நெம்பித் தள்ளும். வெளியே பார்த்தால் பூச்சு பளபளக்கும். உள்ளே ஆணி தளர்ந்திருக்கும்.

இதைக் கண்டறியும் முறையைத் தாத்தா எங்கள் வீட்டு இரும்புக் கதவிலேயே செய்து காட்டினார். ஆணித் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சிறு சுத்தியலால் தட்டவேண்டும். இறுகிய ஆணி கணீரென்று ஒலிக்கும். விரலில் ஆட்டம் தெரியாது. தளர்ந்த ஆணியோ மந்தமாக ஒலித்து விரலில் துடிக்கும். “ஆணி பேசும் ராசா, கேக்கத்தான் காது வேணும்” என்றார். ஒலியையும் அதிர்வையும் பற்றி ஆய்வகத்தில் நான் படித்ததை, எழுத்தறியாத அவர் விரல் நுனியில் வைத்திருந்தார்.

துரு கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டவேண்டும். பின் செந்நிற அடிப்பூச்சு. அது காய்ந்த பிறகு அலுமினியப் பூச்சு. சுரண்டுவதில் சோம்பினால் பூச்சுக்குள்ளேயே துரு வளரும். ஒரு கரையில் தொடங்கிய வேலை மறுகரையை எட்டும்போது, தொடங்கிய இடத்தில் மறுபடியும் துரு தலைகாட்டியிருக்கும். ஆகவே அது முடியும் வேலை அன்று.

வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. 12 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 30 பாகை வெப்பம் ஏறினால் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் இணைப்புகளில் இடைவெளி விடுகிறார்கள். பாலத்தின் உத்திரங்களும் அவ்வாறே நீளும். ஆகவே உத்திரத்தின் ஒரு முனையை நிலையாகப் பிணைத்து, மறுமுனை நகர்வதற்கு வழி விட்டிருப்பார்கள். அந்த நகரும் முனையில் மசகு காய்ந்து, மணலும் உப்பும் இறுகிவிட்டால், நீள முடியாத இரும்பு தூணைத் தள்ளும். ஒரு கை மசகு, ஒரு தூணைக் காக்கிறது!

துலாவும் தூக்குப் பாலமும்

இப்பாலத்தில் 145 சிறு கண்களும், கப்பல் செல்லத் திறக்கும் பெரிய கண் ஒன்றும் இருந்தன. சுமார் 225 அடி நீளமுள்ள இந்தப் பெரிய கண், அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் கண்ட முறையில் அமைந்தது. இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல் எடையுள்ளவை, நடுவில் பிரிந்து வானை நோக்கி எழும். இவ்வளவு எடையையும் தூக்கியவை மோட்டார்கள் அல்ல, மனிதக் கைகளே.

இது எப்படி இயலும்? நம் ஊர்க் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். பின்முனையில் கல்லைக் கட்டியிருப்பதால், நீர் நிறைந்த சாலை ஒரு சிறுவனும் மேலே ஏற்றிவிடுகிறான். ஷெர்சர் பாலத்திலும் இறக்கையின் பின்புறம் எதிர் எடை உண்டு. இறக்கையின் அடிப்பாகம், வண்டிச் சக்கரத்தின் ஒரு பகுதியை வெட்டி வைத்தாற்போல வளைந்திருக்கும். அது பின்னோக்கி உருளும்போது முன்பகுதி தானே எழும். எடைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், இருபுறமும் நின்று நெம்புகோல்களைத் தள்ளுவோர், உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். ஆனால் உருளும் தடத்தில் துரு ஏறினாலோ, ஒரு பக்கம் சற்றே தாழ்ந்தாலோ கணக்கெல்லாம் தவறிவிடும். துலாவின் அச்சுக்கு எண்ணெய் விடாதவன் தண்ணீர் இறைக்க முடியுமா?

காற்றுக்கும் ஒரு காவல் வைத்திருந்தார்கள். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் கைகாட்டி விழாது. வண்டி கரையிலேயே நிற்கவேண்டும்.

46 நாட்களும் 57 ஆண்டுகளும்

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலை நம் பெரியோர் இன்றும் மறக்கவில்லை. தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கே சென்ற பயணிகள் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போயிற்று. பாலத்தின் 120க்கும் மேற்பட்ட உத்திரங்களை அலைகள் பெயர்த்தெறிந்தன. ஷெர்சர் கண்ணும் தூண்களும் எஞ்சின.

சீரமைக்க ஆறு மாதங்கள் என்று முதலில் கணக்கிட்டார்கள். பொறுப்பேற்றவர் 32 வயதே நிரம்பிய பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். பிற்காலத்தில் கொங்கண் இரயில் பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ் பெற்றவர் இவரே. புது உத்திரங்களுக்காகக் காத்திராமல், கடலுக்குள் கிடந்த பழைய உத்திரங்களையே தேடி எடுத்து மீண்டும் தூண்களின் மேல் ஏற்ற அவர் முடிவு செய்தார். அவை கிடக்குமிடத்தைக் கண்டுகொள்ள மீனவர் துணை நின்றனர். 46 நாட்களில் வேலை முடிந்தது.

அந்த 46 நாட்களை நாடறியும், நூல்கள் போற்றும். போற்றத்தான் வேண்டும். ஆனால் கடலில் மூழ்கி எழுந்த அந்த இரும்பின் மேல் அதற்குப் பின்னும் வண்டிகள் ஓடினவே, அந்த 57 ஆண்டுகளை யார் அறிவார்? புயலுக்கு ஈராண்டு கழித்து வேலைக்குச் சென்ற என் தாத்தாவைப் போன்றவர்கள், கீழே கடல் கொந்தளிக்க, சாரத்தில் தொங்கியபடி அதே உத்திரங்களைச் சுரண்டிப் பூசிக்கொண்டிருந்தார்கள். புயல் ஓர் இரவில் செய்வதைத் துரு ஓசையின்றி நாள்தோறும் செய்கிறது. அதனோடு போரிடுபவனுக்கு வெற்றி விழா கிடையாது. ‘இன்று ஒன்றும் நடக்கவில்லை’ என்பதுதான் அவன் பெற்ற வெற்றி.

மருந்துக்கும் ஓர் எல்லை

2007இல் அதே பாலம் வலுவூட்டப்பட்டு அகலப் பாதையாயிற்று. மீட்டர் பாதைக்கென்று பிறந்த பாலம் அதனினும் கனமான வண்டிகளைச் சுமந்தது. ஆயினும் முதுமை யாரை விட்டது? 2018 டிசம்பரில் ஷெர்சர் கண்ணில் விரிசல் காணப்பட்டு வண்டிகள் நின்றன. பழுது பார்த்து 2019இல் மீண்டும் ஓடின. 2022 டிசம்பரில் அரிப்பு மிகவே, பழைய பாலத்தில் வண்டிப் போக்குவரத்து நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. பராமரிப்பு என்பது ஆயுளை நீட்டிக்கும் கலையே தவிர, சாகாவரம் அன்று. எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று உணர்வதும் அக்கலையின் ஒரு பகுதி.

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் தூக்குக் கண், இறக்கையாகப் பிரியாமல் மின்தூக்கியைப் போல நேராக 17 மீட்டர் எழுகிறது. துருப்பிடிக்காத கம்பிகளும் பற்றவைத்த இணைப்புகளும் உயர்தர மேற்பூச்சும் அதற்கு வாய்த்துள்ளன.

அடுத்த மாதம் தாத்தாவை அழைத்துக்கொண்டு நரிக்குடி வழியாகப் பேருந்தில் மானாமதுரை சென்று இரயில் ஏறினேன். வண்டி புதிய பாலத்தில் ஏறியதும் எல்லோரும் கைப்பேசியை நீட்டினார்கள். தாத்தா மட்டும் ஜன்னல் வழியே பக்கத்தில் நின்ற பழைய பாலத்தையே பார்த்தபடி, உதடசைய ஏதோ எண்ணிக்கொண்டு வந்தார். உத்திரங்களைத்தான் எண்ணினார் என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று கேட்டேன்.

“எண்ணாம எப்படிடா? ஒவ்வொண்ணுலயும் எங்க எந்த ஆணி மாத்துனோம்னு எனக்குத் தெரியும்” என்றார். சற்றுப் பொறுத்து, “இதுவும் நல்லாத்தான் கட்டியிருக்காங்க. ஆனா இதுக்கும் நாளைக்கு ஒருத்தன் சுத்தியலோட போகணும். அத மறந்துறக் கூடாது” என்றார். நான் பதில் சொல்லவில்லை. முதல் வாரத்தில் வகுப்பறையில் நான் விழுங்கிய அந்தச் சொல் தொண்டையில் உறுத்தியது.

நம் ஊர்க் கண்மாய்

தோழர்களே, கடற்பாலத்தின் கதை கரிசல் காட்டு மாணவருக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் வட்டாரத்துக்கு உயிர் தருபவை கண்மாய்கள். அவற்றை வெட்டியவர் யார் என்று கல்வெட்டுகள் சில சொல்லும். ஆண்டுதோறும் மழைக்கு முன் கூடி, கரையை உயர்த்தி, மடையைச் செப்பனிட்டு, வரத்துக்காலைத் தூர்வாரிய மக்களின் பெயர் எங்கும் இல்லை. ‘குடிமராமத்து’ என்னும் ஒரு சொல் மட்டுமே அவர்களுக்கு நினைவுச் சின்னம். அந்தப் பழக்கம் தளர்ந்த பிறகு என்ன ஆயிற்று? எங்கள் ஊர்க் கண்மாயில் நீர் நிற்பதைவிடச் சீமைக்கருவேலம் நிற்பதே அதிகம். மழை பெய்தாலும் நீர் வந்து சேர வாய்க்கால் இல்லை. பாம்பனில் துரு செய்த வேலையை இங்கே தூர் செய்கிறது.

புதிதாகக் கட்டுவதற்குப் பணம் வேண்டும், ஆணை வேண்டும், அடிக்கல் வேண்டும். இருப்பதைக் காப்பதற்கோ, நாள்தோறும் போய்ப் பார்க்கும் கண்ணும் சலிக்காத கையும் வேண்டும். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இவ்வாண்டு எங்கள் அணி ஒரு மடையைச் சுற்றி மண் அள்ளிற்று. பத்து நாட்களில் கை காய்த்துப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் தாத்தா என் உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

என் தாத்தா பாம்பன் பாலத்துக் கலாசி. அவர் காத்த பாலத்தின் மேல் உங்கள் வீட்டாரும் ஒருநாள் சென்று வந்திருப்பார்கள்.