இரு அச்சு வரைபிற் பெயர் மறைதல்: கோதுமை விலையும் கூலியும்

வில்லியம் பிளேபெயர் 1821இல் வெளியிட்ட வரைபொன்று சமூக வரலாறு பயில்வோர் பலரும் அறிந்ததே. இங்கிலாந்தில் 1565 முதல் 1821 வரை ஒரு குவாட்டர் கோதுமை விற்ற விலையைப் பட்டைகளாலும், தொழில்தேர்ந்த உழைப்பாளியின் வாரக்கூலியைக் கோட்டாலும் அவர் ஒரே சிலிங் அளவுத்திட்டத்திற் காட்டினார். மேல்விளிம்பில் மன்னர்களின் ஆட்சிக்காலங்கள்; அடியில் கூலிக்கோடு. (வர்க்க சமுதாயம் தன்னைத் தானே வரைந்துகொண்டதோ என எண்ணத் தோன்றுகிறது.) கூலியோடு ஒப்பிடுகையில் கோதுமை முன்னெப்போதும் இத்துணை மலிவாக இருந்ததில்லை என்பதே அவர் கண்ட முடிபு. படமோ அதனை எளிதில் உணர்த்துவதில்லை.

இக்குறையை நீக்கவே இதனை இரு அச்சுக்களோடு மீள வரைய நாம் முற்படுகிறோம். பைதன் மொழியின் மட்பிளொட்லிப் நிரற்றொகுதியில் இதற்கென 'ட்வின்எக்ஸ்' என்னும் கட்டளை உண்டு. ஆயின் படம் வந்ததும், வலப்புறத்தில் 'வாரக்கூலி' என்ற பெயர் விளிம்பில் வெட்டுண்டு நிற்கும். சிலவேளை அவ்விடத்திற் கோதுமையின் பெயரே இருக்கும்.

காரணம் இதுதான்: இக்கட்டளை முதலாவது வரைதளத்தின் மேல் இன்னொரு தளத்தை அடுக்குகிறது. அதன்பின் பொதுவாக இடப்படும் 'வைலேபிள்' கட்டளை இறுதியாகப் பிறந்த தளத்தையே சாரும். ஆகவே தளங்களுக்கு 'விலை', 'கூலி' எனப் பெயரிட்டு (பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்), ஒவ்வொன்றுக்கும் 'செட்_வைலேபிள்' என்பதைத் தனித்தனியே வழங்கல் வேண்டும். ஆண்டெண்களைச் சரித்தெழுதுவதற்கான கட்டளையையும் முதற்றளத்திற்கே இடவேண்டும். இரண்டாவதன் கிடையச்சு மறைக்கப்பட்டிருப்பதால் அங்கு இடுவது பயன் தராது.

வெட்டுண்ணல் வேறொரு சிக்கல். இயல்பான அமைப்பில் வலப்புறத்தே படத்தின் அகலத்திற் பத்திலொரு பங்கே வெற்றிடமாக விடப்படுகிறது. எண்களுக்கும் பெயருக்கும் அது போதாது. பெயர்கள் யாவற்றையும் இட்டபின் 'டைட்_லேஅவுட்' கட்டளையை அழைத்தால் இது தீரும். முன்னர் அழைத்தாற் பின்னர் வரும் பெயரை அது அறியாது. சேமிக்கும்போது 'பிபொக்ஸ்_இஞ்சஸ்' என்பதற்கு 'டைட்' எனக் கொடுப்பதும் உதவும்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வலப்புற அச்சின் மேலெல்லையை 100 சிலிங்காக வைப்பின் கூலி பிளேபெயரின் படத்திற்போல் அடியிலேயே கிடக்கும். 35 ஆகச் சுருக்கின் அதே கூலி கோதுமையின் உயரத்தை எட்டிவிடும். உழைப்பாளி பெற்றதில் ஒரு பென்சேனும் கூடியிராது. எனவே நாம் வலப்புறத்தில் 'வாரக்கூலி' என்பதோடு நில்லாது, 'சிலிங், இடப்புறத்தினின்று வேறான அளவுத்திட்டம்' என்பதையும் கோட்டின் நிறத்திலேயே எழுதுகிறோம்.