தியாப்ஜி வகுத்த விதி

1887 டிசம்பர் இறுதியில், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மக்கீஸ் தோட்டத்தில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் 607 பேர். தலைமை ஏற்றவர் பம்பாய் வழக்குரைஞர் பத்ருதீன் தியாப்ஜி. காங்கிரஸுக்குத் தலைமை ஏற்ற முதல் முஸ்லிம் அவர் என்று பாடநூல்கள் ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. ஆனால், அந்த மாநாட்டுக்குப் பிந்தைய ஓராண்டில் அவர் எதிர்கொண்ட சிக்கலே நம் கவனத்துக்கு உரியது.

தியாப்ஜி 1844-இல் சுலைமானி போரா வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் சட்டம் பயின்று 1867-இல் பாரிஸ்டரானார். பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய பாரிஸ்டர் அவரே. முஸ்லிம்களின் கல்விக்காக 1874-இல் அஞ்சுமன்-இ-இஸ்லாம் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 1885-இல் பார்சியரான பெரோஸ்ஷா மேத்தா, இந்துவான கே.டி. தெலாங் ஆகியோருடன் இணைந்து பம்பாய் மாகாணச் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டு பணிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று அவர் கருதவில்லை. நாட்டுக்குப் பொதுவான நலன்களுக்காக முஸ்லிம்கள் பிற சமூகத்தாருடன் தோளோடு தோள் நின்று உழைக்கத் தடை ஏதுமில்லை என்பதே சென்னை உரையின் சாரம்.

சர் சையத் அகமது கான் இதை ஏற்கவில்லை. பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் அவையில் எண்ணிக்கையில் குறைந்த சமூகத்தின் குரல் என்றுமே எடுபடாது என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்தை வெறும் வகுப்புவாதம் எனத் தள்ளிவிட இயலாது. கணக்கு அவர் பக்கமே இருந்தது. தியாப்ஜியும் அதை உணர்ந்திருந்தார். எனவே, ஒற்றுமை குறித்து மேலும் சொற்பொழிவாற்றுவதை விடுத்து, வழக்குரைஞருக்கே உரிய முறையில் ஒரு விதியை முன்மொழிந்தார். இந்துப் பிரதிநிதிகளோ முஸ்லிம் பிரதிநிதிகளோ ஒருமனதாக, அல்லது ஏறத்தாழ ஒருமனதாக எதிர்க்கும் எந்தப் பொருளையும் காங்கிரஸ் விவாதிக்கலாகாது என்பதே அது. 1888 அலகாபாத் மாநாடு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது.

பொருளியல் மாணவர்களுக்கு இங்கே ஸ்வீடன் நாட்டு அறிஞர் விக்செல் நினைவுக்கு வரக்கூடும். வரி விதிப்பில் ஏறத்தாழ ஒருமித்த இசைவு வேண்டும் என்று அவர் எழுதியது 1896-இல்; அதாவது எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. தடுக்கும் அதிகாரத்துக்கு ஒரு விலை உண்டு: அவசியமான சில முடிவுகளும் முடங்கிப்போகலாம். எனினும், தன் விருப்பத்துக்கு மாறாக எதுவும் திணிக்கப்படாது என்ற உறுதி இருந்தால்தான் சிறு தரப்பு பொது அவைக்குள் காலெடுத்து வைக்கும்.

விதி மட்டுமே எதிர்ப்பைத் தணித்துவிடும் என்று தியாப்ஜி நம்பிவிடவில்லை. அதே 1888 அக்டோபரில், முஸ்லிம்களில் பெரும்பாலோர் விலகி நிற்பதால் காங்கிரஸைக் குறைந்தது ஐந்தாண்டுகள் ஒத்திவைக்கலாம் என்று ஏ.ஓ. ஹ்யூமுக்கு எழுதினார். அந்த யோசனை ஏற்கப்படவில்லை. அது மனத்தளர்ச்சியின் வெளிப்பாடு என்போர் உண்டு. தம் சமூகத்தின் மனநிலையை மறைக்காமல் சொன்ன நேர்மை என்றே நான் கருதுகிறேன்.

அவர் 1895-இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1897-இல் ராஜதுரோக வழக்கில் கைதான பால கங்காதர திலகருக்கு முதலில் பிணை மறுக்கப்பட்டது. கணபதி விழாவைப் பொது விழாவாக்கி இந்துக்களைத் திரட்டியவர் திலகர். அவருடைய மனு மீண்டும் வந்தபோது, அரசின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பிணை வழங்கியவர் நீதிபதி தியாப்ஜி. அன்று திலகருக்காக வாதாடிய தாவர், 1908-இல் தாமே நீதிபதியாக அமர்ந்திருந்தபோது அதே திலகருக்குப் பிணை மறுத்தார்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)