தேன்பூச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்

எங்கள் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேன் தெரியும், தேன்பூச்சியைத் தெரியாது. ‘அது கொட்டும்’ என்பது மாத்திரமே தெரியும். வரிப்பத்தான்சேனை என்ற ஊர்ப் பெயரிலேயே சேனை இருக்கிறது. ஆனால் யுத்த காலத்தில் காட்டுப் பக்கம் போவதே பயமாக இருந்தது. ‘அங்கால போகாத’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களே இன்றைய உம்மாமார். அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

நான் பாடத்தைப் பூசணிக் கொடியில் தொடங்குவேன். காலையிலேயே பார்க்கவேண்டும், வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பென்றால் ஆண் பூ. ஆண் பூவுக்குள் போன தேன்பூச்சி உடம்பெல்லாம் மஞ்சள் மாவோடு வெளியே வரும். அந்த மா பெண் பூவில் பட்டால்தான் காய் பிடிக்கும், படாத பிஞ்சு பழுத்து விழும். பூவில் வேலை செய்யும் பூச்சியை நசிக்கவோ பிடிக்கவோ போகாவிட்டால் அது பெரும்பாலும் கொட்டாது. கூடு வேறு விடயம். மரத்தில் தொங்கும் பெரிய வதைக்குக் கல்லெறிந்தால் உயிருக்கே ஆபத்து.

பூவில் இருப்பது தேனல்ல, இனிப்புத் தண்ணீர். தேன்பூச்சி அதை வயிற்றுக்கு முன்னாலுள்ள தனிப் பையில் கொண்டுபோகும். கூட்டிலுள்ள பூச்சிகள் அதை வாய்க்கு வாய் மாற்றி, மெழுகு அறைகளில் வைத்துச் சிறகால் விசிறும். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்களவுக்கு வற்றியதும் மெழுகால் மூடிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே காட்டலாம். வரிசையாக நிறுத்தி, சீனித் தண்ணீரைச் சிரட்டைக்குச் சிரட்டை மாற்றி, கடைசிப் பிள்ளையை மட்டையால் விசிறச் சொல்லுங்கள்.

“அப்ப தேன்பூச்சிர எச்சிலயா டீச்சர் நாம திங்குற?” என்று ஒரு பிள்ளை கேட்டது. அரைவாசி சரிதான்! அதன் வாயில் ஊறும் சாறுதான் இனிப்பின் தன்மையை மாற்றுகிறது. இந்த வேலையெல்லாம் செய்வது பெண் பூச்சிகளே என்றதும் உம்மாமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்துக்கு ‘அந்நஹ்ல்’, தேனீ, என்றே பெயர். தேனில் நிவாரணம் உண்டென்று அதில் வருகிறது. ஆனாலும் சகோதரிகளே, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம். தேனில் சிலவேளை இருக்கும் ஒரு கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடம்பு சோர்ந்து மூச்சும் தடைப்படலாம். வீட்டில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. மூத்தவர்கள் கேட்காவிட்டால் மருத்துவிச்சி மிஸ்ஸைக் கொண்டு சொல்லுங்கள்.

பூச்சி கொட்டினால் முள்ளை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டி வையுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பல இடங்களில் கொட்டியிருந்தாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தனியே குடும்பத்தைச் சுமக்கும் சிலர், பெட்டி வைத்துத் தேன் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம். பண்டாரவளைக்குக் கிட்ட பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. முதலில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரியுங்கள். வயலுக்கு மருந்தடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டி வைத்தால் பூச்சிகள் செத்துப்போகும். பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றமும் சரிவராது. எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் நான்கு கால்களையும் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்ப்பது உங்கள் வேலை. பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்க்கட்டும்.