வாயிலில் நின்ற மனிதன்

சில ஆண்டுகளுக்கு முன், கியோத்தோ நகரத்தில் ஒரு பூங்காவின் முகப்பிலே, ஜப்பானிய எழுத்துக்களில் அறுபதுக்குக் குறையாமல் கற்றுவிட்டோம் என்னும் பெருமிதம் சற்றும் குலையாமல் நின்றுகொண்டிருந்த நான், எதிரே பலகையில் தீட்டியிருந்த இரண்டு எழுத்துக்களைக் கண்டு, உடன் வந்திருந்த ஆசிரியையை அந்நாட்டு முறைப்படி விளித்து, "சென்ஸேய், இங்கே ஜனத்தொகைக் கணக்கு ஏதேனும் எடுக்கிறார்களா?" என்று கேட்டேன்.

அறுபது பிராயத்தைக் கடந்த அந்த அம்மையார் சிரிக்கவில்லை. குடையின் நுனியால், நடைபாதையில் பரப்பியிருந்த பருமணலில் இரண்டு கோடுகள் கிழித்தார்; பக்கத்திலேயே மேலும் இரண்டு கோடுகள் கிழித்தார். முதலாவதில், இடப்புறக் கோடு உச்சியிலிருந்து சாய்ந்திறங்க, வலப்புறக் கோடு அதன் இடையிலிருந்து கால்போலப் பிரிந்தது, அது மனிதன். இரண்டாவதில், வலப்புறக் கோடே ஓங்கி, மற்றதன் தலைக்குமேல் சற்றே இடப்பக்கம் வளைந்து நின்றது, அது நுழைதல். மனிதனுக்குப் பின்னே வாயைக் குறிக்கும் சதுரத்தை எழுதினால் ஜனத்தொகை. நுழைதலுக்குப் பின்னே அதே வாயை எழுதினால் நுழைவாயில். "நீங்கள் இவற்றைப் பார்த்திருக்கிறீர்கள், எழுதவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார்.

அன்றிரவு அதை நினைக்கையில் வெட்கத்தோடு ஒரு வியப்பும் சேர்ந்துகொண்டது. 'இத்தனை வாய்க்குச் சோறு போட வேண்டுமே' என்று குடும்பத்தாரை வாயால் எண்ணுவது நம்மிடையேயும் உள்ள வழக்கந்தானே? இல்லத்தின் வாய் எனப் பொருள்படும் 'இல்வாய்' என்பதே முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று என்று, இலக்கணப்போலிக்கு உதாரணம் காட்டி நம் தமிழாசிரியர்கள் வகுப்பிலே சொன்னதும் அதுதானே? சீனத்தார் சதுரமாக வரைந்த வாய் அங்கே செய்யும் இரண்டு வேலைகளையும் நம்முடைய வாய் இங்கே செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களும் அதற்குப் பிறகு எனக்கு மறந்ததில்லை.

'கன்ஜி' என்பது அவ்வெழுத்துக்களின் பெயர். ஒலியிலே நாம் குடிக்கும் கஞ்சியை அது நெருங்கிவந்தாலும், அதற்கும் இதற்கும், காஞ்சி மாநகரத்துக்குங்கூட, யாதொரு சம்பந்தமுமில்லை. சீனத்து ஹான் மக்களின் எழுத்து என்பதே பொருள். ஜப்பானியர் இவற்றோடு ஹிராகானா, கத்தாகானா என்ற இரண்டு ஒலியெழுத்து முறைகளையும் கலந்தே எழுதுகிறார்கள். அவை ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துக்கள் 46. தமிழருக்கு அவை ஒரு பொருட்டேயல்ல. பௌத்தத் துறவிகள் வழியே சென்ற இந்திய எழுத்துமுறையின் வரிசையைப் பின்பற்றி, அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று அவை அணிவகுக்கின்றன. அந்த ஹகரமும் முற்காலத்தில் பகரமாகவே ஒலித்ததென்பர். ஆகவே ஜப்பானிய அகராதியைப் பிரித்த தமிழன் ஒரு நாழிகைக்குள் தன் வீட்டு அலமாரியில் தேடுவதுபோல் தேடத் தொடங்கிவிடுவான்.

சிரமம் கன்ஜியில்தான். 1946-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் பொது வழக்குக்கு என்று 1,850 எழுத்துக்களை வரையறுத்தது. 1981-இல் அது 1,945 ஆயிற்று. 2010-இல் 2,136 ஆயிற்று. இவற்றில் 1,026 எழுத்துக்களை ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் குழந்தைகள் கற்கின்றன; முதலாண்டுப் பங்கு 80 தான். எண்கள், மலை, ஆறு, மழை, கண், காது, கை, கால், நாய், பூச்சி, மூங்கில் என்று, ஒரு குழந்தை தன் கைக்கெட்டும் தூரத்தில் காணும் உலகம் அந்த எண்பதில் அடங்கிவிடுகிறது. வயது வந்த பின் கற்கப் புகுவோரில் பலர் இந்தப் பட்டியலை அலட்சியம் செய்து, பத்திரிகைத் தலைப்புக்களில் பாய்ந்து, மூன்று மாதத்தில் மூச்சுத் திணறித் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான்.

பார்த்தது வேறு, எழுதியது வேறு என்று அம்மையார் சொன்னதன் தாத்பரியம் எனக்கு விளங்க நெடுநாளாயிற்று. சீட்டில் அச்சிட்ட எழுத்தைக் கண்டதும் 'இது தெரியுமே' என்று மனம் சொல்லும். சீட்டைத் திருப்பிவைத்துவிட்டு, 'எழுது பார்க்கலாம்' என்றால் கை அசையாது. எதிரே வந்தவரைத் தெரிந்தவர் என்று புன்னகை செய்துவிட்டுப் பெயர் தெரியாமல் விழிக்கிறோமே, அந்த நிலைதான். அங்கே குழந்தைகளுக்குக் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு கட்டமும் குறுக்கும் நெடுக்கும் ஓடும் புள்ளிக் கோடுகளால் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். எழுத்தின் எந்த அங்கம் எந்தக் கால்பகுதியில் அமர வேண்டும் என்பதற்கும், எந்தக் கோடு முந்த வேண்டும் என்பதற்கும் நியமம் உண்டு. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பவை பொது விதிகள். வலம், இடம் என்ற இரண்டு எழுத்துக்களும் ஒரே வகையான தலைப்பகுதியைக் கொண்டவை. ஆனால் வலத்தை எழுதும்போது சாய்கோடு முன்னும் கிடைக்கோடு பின்னும், இடத்தை எழுதும்போது கிடைக்கோடு முன்னும் சாய்கோடு பின்னும் வர வேண்டும். ஆதியில் ஒன்று வலக்கையின் சித்திரமாகவும் மற்றது இடக்கையின் சித்திரமாகவும் இருந்தவை. முடிந்த பிறகு யாரும் கண்டுபிடிக்க இயலாத இந்தப் பேதத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று முதல் மாதம் முழுவதும் நான் முணுமுணுத்தேன். இரண்டாம் மாதம், எழுத்து நினைவுக்கு வராதபோதுங்கூடக் கை தானாக முதற்கோட்டை இழுக்க, அதன் பின்னே மற்றவை வரிசையாக வந்து சேருவதைக் கண்டபோது முணுமுணுப்பு அடங்கிற்று.

கை பழகிய பின் கண்ணுக்கு வேலை வருகிறது. ஒரு சிலுவையின் சந்தியிலிருந்து இருபுறமும் இரண்டு கோடுகள் சரிந்திறங்கினால் மரம். இரண்டு மரம் தோப்பு. மூன்று மரம் வனம். மரத்தருகே மனிதன் ஒதுங்கினால் இளைப்பாறுதல். மரத்தின் அடியில் ஒரு சிறு கோடு போட்டால் மூலம். அதுவே புத்தகத்துக்கும் பெயர். சூரியனுக்குப் பக்கத்தில் அதை எழுதினால் சூரியனுடைய மூலம், அதாவது ஜப்பான். இதுவரையில் விளையாட்டு. மரத்தின் உச்சியில் கோடு போடத் தொடங்கும்போதுதான் விளையாட்டு வினையாகிறது: மேலே போட்ட கோடு கீழுள்ள கிளையைக் காட்டிலும் நீளமாயிருந்தால் 'முடிவு', குட்டையாயிருந்தால் 'இன்னும் ஆகவில்லை'. ஒரு நெல்மணி நீளத்தில், முடிந்த காரியம் முடியாத காரியமாகிவிடுகிறது!

கிழக்கு என்னும் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோக்கியோ என்ற பெயரின் முதலெழுத்து அதுவே. 'கிழக்குத் தலைநகர்' என்று அப்பெயருக்குப் பொருள். மரத்தின் நடுவே சூரியன் சிக்கியிருப்பதுபோல் அது தோற்றமளிப்பதால், மரத்துக்குப் பின்னே கதிரவன் உதிக்கும் திசை என்று சொல்லிக்கொடுப்பது சம்பிரதாயம். ஏறத்தாழ கி.பி. 100-இல், 9,353 எழுத்துக்களுக்கு விளக்கமெழுதிய சீனப் பண்டிதர் ஷூ ஷென்னும் இந்தக் கருத்தையே பதிவு செய்தார். 1899-இல் பண்டைய ஆரூட எலும்புகளில் பொறித்த எழுத்துக்கள் அறிஞர் கவனத்துக்கு வந்து ஆராயப்பட்ட பிறகோ, அது சூரியனுமல்ல, மரமுமல்ல, இருமுனையும் கட்டிய ஒரு சாக்குப்பை என்றும், ஒலியொற்றுமை காரணமாகவே திசைக்கு இரவலாக வந்ததென்றும் தெரியலாயிற்று. ஆராய்ச்சியாளர் சொல்வதே உண்மை. ஆயினும், மூட்டையை நினைத்துக் கிழக்கை ஞாபகம் வைத்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. உதயசூரியன் பொய்யாயிருந்தும் விசுவாசமுள்ள வேலைக்காரனைப்போல் உழைக்கிறான்; அவனை விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக் கதை புனைந்தே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களையும் கற்றுவிடலாம் என்று, நாகோயாவிலுள்ள நான்ஸான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஹைஸிக் 1977-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது உலகெங்கும் பரவிப் பல்லாயிரவருக்கு உதவியது. வடிவத்தையும் பொருளையும் முதலில் கற்று, ஒலியைப் பின்னர் தனியே கற்க வேண்டும் என்பது அவர் முறை. அதனை முற்றும் பின்பற்றிய ஒருவர், கடைத்தெருவில் பலகைகளின் பொருளையெல்லாம் எனக்கு விளக்கிக்கொண்டே வந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்க வாய் வராமல் நின்றதைப் பார்த்த எனக்கு, ஆரம்ப மாணவன் இதைப் பாதியளவில் பிரயோகிப்பதே உசிதம் என்று படுகிறது.

ஏனெனில், ஒரு கன்ஜிக்கு ஒலி ஒன்றல்ல. சீனத்திலிருந்து எழுத்தோடு கூடவே வந்த ஒலி ஒன்று. அப்பொருளுக்கு ஜப்பானியரிடம் முன்பே இருந்த சொல் மற்றொன்று. தனித்து நிற்கையில் மலை 'யாமா'. ஃபூஜி மலையின் பெயரோடு சேர்கையில் 'ஸான்'. இதனை மரியாதை விகுதி என்று எண்ணி, மலையையும் 'அவர்' என்று அழைக்கும் பண்பாடு என்று வியந்து எழுதிய யாத்திரிகர் உண்டு. உயிர், பிறப்பு, வாழ்வு, பச்சையான பண்டம் ஆகிய அனைத்துக்கும் உரிய ஓர் எழுத்துக்கு 'ஸேய்', 'ஷோ', 'நாமா', 'இகிரு', 'உமரேரு' என்று ஒலிகள் நீண்டுகொண்டே போகின்றன. 'சென்ஸேய்' என்பதில் அதுவே இரண்டாவதாக நின்று, 'முன்னே பிறந்தவர்' என்ற பொருளைத் தருகிறது. இவற்றையெல்லாம் பட்டியலாக உருப்போடுவது மணலைக் கயிறாகத் திரிப்பதற்கொப்பாகும். எழுத்தைச் சொல்லுக்குள் வைத்தே கற்க வேண்டும். சொல் நாக்கில் பழகினால் ஒலி தானே ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை 'நிச்சியோபி'; அதன் தலையிலும் வாலிலும் எழுதப்படுவது ஒரே சூரியன்தான்; தலையில் 'நிச்சி', வாலில் 'பி'. சொல்லைக் கற்றவன் இதில் முரண்பாடே காண்பதில்லை.

கிழமைகளைப் பற்றிய பேச்சு வந்தமையால், தமிழருக்கு வாய்த்த ஒரு சௌகரியத்தைச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. சந்திரனுக்கும் மாதத்துக்கும் ஒரே எழுத்து என்றால் ஐரோப்பிய மாணவன் புருவத்தை உயர்த்துகிறான். நமக்கோ 'திங்கள்' என்ற ஒரு சொல் சந்திரனும், மாதமும், கிழமையுமாக நிற்கிறது. அந்த எழுத்தில் தொடங்குவதே அவர்களுடைய திங்கட்கிழமையும். நெருப்பெழுத்து செவ்வாய், நீரெழுத்து புதன், மரம் வியாழன், உலோகம் வெள்ளி, மண் சனி. உலோகத்தின் பெயரும் கோளின் பெயரும் ஒன்றாயிருக்கும் வெள்ளியை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. கிழமைகள் இப்படி ஒத்துவருவது வெறும் தற்செயலுமல்ல. 806-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து திரும்பிய கூக்காய் என்ற பெருந்துறவி, இந்திய ஜோதிஷத்தை ஆதாரமாகக் கொண்டு அமோகவஜ்ரர் சீனமொழியில் ஆக்கிய நூலைக் கொணர்ந்தார். ஏழு கோள்களின் நாட்கள் அதன்வழி ஜப்பானை அடைந்தன. அரசாங்க அலுவலகங்கள் ஞாயிறு விடுமுறையை ஏற்றது 1876-இல்தான்.

குழந்தைகளுக்கு உருப்போடுவது எங்கும் கசப்பே. அந்தக் கசப்பைப் போக்க 2017-இல் ஒரு பதிப்பகத்தார் செய்த உபாயத்தைச் சொல்ல எழுதுகோல் சற்றே கூசுகிறது: ஆரம்பப் பள்ளியின் கன்ஜி ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று உதாரண வாக்கியங்கள் கொடுத்து, அவ்வாக்கியங்கள் யாவற்றிலும் மலம் என்னும் சொல் தவறாமல் வரும்படி பயிற்சிப் புத்தகங்கள் வெளியிட்டார்கள். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டே எழுதினார்கள். பிரதிகள் இலட்சக்கணக்கில் விற்றன. சபை நாகரிகத்துக்கு ஒவ்வாததாயினும், வியப்பும் சிரிப்பும் ஏறிவரும் வாகனத்தில் ஞாபகமும் ஏறி வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

எவ்வளவு எழுதினாலும் மறக்கும். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தாமே மறந்து, மறதியின் வேகத்தை அளந்து 1885-இல் வெளியிட்டார் ஜெர்மானியரான எப்பிங்ஹவுஸ். முதல் நாளிலேயே பெரும்பகுதி ஓடிவிடுகிறது; எஞ்சியது மெதுவாகத் தேய்கிறது. லைட்னர் என்பவர் 1972-இல் ஒரு பெட்டியைப் பரிந்துரைத்தார். அதை நான் இனிப்புக் கடை அட்டைப்பெட்டியில் செய்துகொண்டேன். ஐந்து அறைகள், சீட்டின் ஒருபுறம் தமிழில் பொருள், மறுபுறம் எழுத்து. பொருளைப் பார்த்து எழுத்தை எழுதிவிட்டால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால், நான்காம் அறையிலிருந்தாலும், முதலறைக்கே திரும்பும். முதலறைக்குத் தினந்தோறும் விசாரணை. இரண்டாவதற்கு மூன்று நாளுக்கொரு முறை. ஐந்தாவதற்கு மாதத்துக்கொரு முறை. மறக்கும் தறுவாயில் இழுத்துப் பிடித்து நிறுத்துவதே இதன் சூட்சுமம். நன்றாகத் தெரிந்ததையே நாள்தோறும் நூறு முறை எழுதிக் குவிப்பது சுகமாயிருக்கும், பயன் சொற்பம்.

மறதி அயலாருக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய எழுத்தை அச்சடிக்கும் சொற்செயலியைத் தோஷிபா 1978-இல் அறிவித்தது. அவ்வகை யந்திரங்கள் பெருகிய பின், ஒலியைத் தட்டினால் யந்திரம் கன்ஜியைக் காட்டிவிடுவதால், படித்தவர்களே கையால் எழுதத் தடுமாறுகிறார்கள். ஏதேனும் எழுத்து நினைவுக்கு வராதபோது அவர்கள் ஆட்காட்டி விரலால் உள்ளங்கையிலோ காற்றிலோ எழுதிப் பார்க்கிறார்கள். ஒரு தபால் நிலையத்தில், என் விலாசத்தை நிரப்பித் தந்த பெண் பேனாவை நிறுத்தி, மேஜை விளிம்பில் விரலால் நாலைந்து கோடுகள் கிழித்து, 'ஆம்' என்பதுபோல் தலையசைத்துவிட்டு மேலே எழுதியதைக் கண்டபோது, மணலில் குடை முனை ஓடிய ஓசை எனக்குக் கேட்டது.

என் பெட்டியில் இப்போது முந்நூற்றுச் சொச்சம் சீட்டுக்கள் இருக்கின்றன. மனிதனும் நுழைதலும் ஐந்தாம் அறையில் சௌக்கியமாக வாழ்கிறார்கள். தொல்லை கொடுப்பவை இரண்டு. அழிவைக் குறிக்கும் பகுதியைத் தலைமேல் தாங்கி, கீழே இருதயம் கிடந்தால் ஓர் எழுத்து. அதே இருதயம் ஒடுங்கி நிமிர்ந்து, அதே அழிவுக்கு இடப்பக்கம் நின்றால் மற்றோர் எழுத்து. முதலாவதற்கு 'மறத்தல்' என்று பொருள். மற்றதற்கு 'வேலை மும்முரம்' என்று பொருள். மும்முரத்தை எப்படியோ இரண்டாம் அறைக்கு அனுப்பிவிட்டேன். மறத்தல் என்ற சீட்டு மூன்று மாதமாக முதலறையிலேயே இருக்கிறது.